ஜோயல் ஏறாத மேடை

இரண்டு மாதம் முன்பு ஒரு சனிக்கிழமை காலை லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். லிஃப்ட் நிற்கவில்லை, ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான்தான் மாட்டிக்கொண்டேன் – பதினொன்றாவது மாடி தேஷ்பாண்டே மேடத்திடம்.

தண்ணீர் டேங்கர், தெருநாய், பார்க்கிங்... இவற்றைத் தவிர வேறு எதையும் என்னிடம் பேசாதவர். அன்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஜோயல் வர்றானாமே! என் பையனுக்கு ஒரே ஒரு செல்ஃபி... நீங்க சொன்னா நடக்கும்.” இந்தியில்தான் கேட்டார். கெஞ்சலுக்கு மொழி ஏது?

எந்த ஜோயல் என்று நான் கேட்கவில்லை. புனேயில் இப்போது பேர் சொன்னால் போதும் என்கிற அளவுக்கு ஒரே ஒரு ஜோயல்தான் இருக்கிறான். “எங்கே வருகிறான்?” என்று மட்டும் கேட்டேன்.

“அரே, உங்க பொண்ணோட ஷோவுக்கு!”

போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். அன்று சாயங்காலம் நடக்கவிருந்த புது ஆல்பம் வெளியீட்டு நிகழ்ச்சியின் போஸ்டர். முன்னால் என் மகள் யாழினியும் அவள் நண்பன் அக்‌ஷயும் மைக்கோடு நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், அவர்களைப் போல இரண்டு மடங்கு உயரத்தில், ஒரு கறுப்பு நிழல். முகம் இல்லை. ஆனால் உச்சந்தலையில் அந்தக் கொண்டை! ஜோயலின் கொண்டையைத் தெரியாத பிள்ளைகள் இந்த ஊரில் உண்டா? நிழலுக்குக் கீழே இரண்டே வார்த்தை: ‘ஸ்பெஷல் கெஸ்ட்?’

கேள்விக்குறியோடு.

ஆனால் ஜோயல் வரப்போவதில்லை. அது எனக்குத் தெரியும். யாழினிக்குத் தெரியும். இந்தப் போஸ்டரைப் போட்டவனுக்கும் தெரியும்.

* * *

யாழினியை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இந்த வாராந்திரப் பத்தியில் அவ்வப்போது வந்து என்னைத் திட்டிவிட்டுப் போகிறவள்தான். பகலில் ஹிஞ்சவாடியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். மாலையில் ராப். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் தமிழில் ராப் பாடுவாள். இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு! ‘ழ’ மட்டும் சுத்தமாக வரும். பெயரில் இருப்பதால் தப்பித்தது.

அக்‌ஷய் தாபோடிக்காரன். அப்பா ஒரு தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மராத்தியில் பாடுவான். பீட்டும் அவனுடையதுதான். மூன்றாவது ஆள் ஜோயல். தேஹு ரோடு. தாத்தா காலத்திலேயே திருநெல்வேலியிலிருந்து ராணுவக் கிடங்கு வேலைக்கு வந்து தங்கிவிட்ட கிறிஸ்தவக் குடும்பம். அவன் அம்மா டெய்சி டீச்சர் எனக்குத் தோழி. பையன் பேச்சில் பாதி இந்தி, பாதி நெல்லை.

கல்லூரி நாட்களில் மூவரும் ஒரே வழியில் போய் வருவார்கள். வழியில் ஒரு ரயில்வே கேட். அது எப்போது பார்த்தாலும் மூடியிருக்கும். நின்ற இடத்தில் ஜோயல் பைக் டேங்கில் தாளம் போட ஆரம்பித்தான். மற்ற இரண்டு பேரும் வாய்க்கு வந்ததைப் பாடினார்கள். அப்படித்தான் குழுவுக்குப் பெயர் வந்தது – ‘கேட் பந்த்’. கேட் மூடியிருக்கு என்று அர்த்தம்.

முதல் ஆல்பத்தில் ஒரு பாட்டு பிய்த்துக்கொண்டு போனது.

‘கேட்டு மூடிக் கெடக்குது, வண்டி இன்னும் வரல... நின்ன எடத்துல நிக்குறேன், நேரம் மட்டும் நிக்கல’

மூன்று பேர் சேர்ந்து எழுதிய பாட்டு. மூன்று பேரும்தான் பாடினார்கள். ஆனால் ஜோயல் அதைப் பாடும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்து, கொண்டை ஆட, கண்ணைச் சிமிட்டுவான் பாருங்கள்... அந்தச் சின்னத் துண்டு மட்டும் தனியாகக் கழன்று போன் போனாகப் போனது. தமிழ் தெரியாதவர்கள்கூட முணுமுணுத்தார்கள். மும்பையில் ஒரு படத்துக்குக் கூப்பிட்டார்கள். பிறகு விளம்பரம். பிறகு ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம். வெளியே யாரோடும் பாடக்கூடாது என்று அதில் ஒரு ஷரத்து.

கையெழுத்துப் போட்ட பிறகுதான் இவர்களிடம் சொன்னான்.

சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்! “டென்ஷன் வேண்டாம், நான் கம்பெனில பேசுதேன்” என்றான். இவர்கள் காத்திருந்தார்கள். இரண்டாவது ஆல்பத்தில் ஒரு பாட்டின் நடுவே அவனுக்காக இடம் விட்டு வைத்தார்கள். அந்த இடத்தில் வெறும் பீட் மட்டும் ஓடும். எங்கள் ஹாலில் அந்தக் காலி இடத்தை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! குக்கர் விசில் வந்தால்கூட அதற்குள் பொருந்திப் போகும்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஒருநாள் யாழினி சமையலறைக்கு வந்தாள்.

“அம்மா, ‘ப்ரௌட்’டுக்குத் தமிழ்ல என்ன?”

“பெருமை.”

“அது ஸ்கூல் எஸ்ஸே மாதிரி இருக்கு. தெருவுல சொல்ற மாதிரி வேணும்.”

யோசித்தேன். “பவுசு” என்றேன். எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் அளக்கிறவர்களைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை. கொஞ்சம் கிண்டல், கொஞ்சம் பொறாமை, கொஞ்சம் அழகு. அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். சிரித்தாள். போய்விட்டாள். அந்தக் காலி இடத்தை அவளே நிரப்பப் போகிறாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

* * *

போஸ்டரை அவளிடம் காட்டினேன். பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். பிரஷ் வாயிலேயே இருந்தது. பிறகு துப்பிவிட்டு வந்து போன் போட்டாள் – நிகழ்ச்சி அமைப்பாளன் சமீருக்கு. ஸ்பீக்கரில்.

“அரே, ஏன் கத்தற? ஜோயல் வர்றான்னு நான் எங்க சொன்னேன்? கேள்விக்குறி போட்டிருக்கேன்ல!”

“ஜனங்க கேள்விக்குறியைப் பாக்க மாட்டாங்க சமீர். கொண்டையைத்தான் பாப்பாங்க.”

“பாத்துட்டாங்க. நேத்து ராத்திரியே ஹவுஸ்ஃபுல். அதுக்கு முன்னாடி எவ்வளவு டிக்கெட் போயிருந்துச்சு, சொல்லட்டா?”

அவள் போனை வைத்துவிட்டாள்.

அரை மணி நேரத்தில் அக்‌ஷய் வந்துவிட்டான். எங்கள் டைனிங் டேபிளில் இருவரும் எதிரெதிரே. நான் செய்த அவல் போஹாவை இருவரும் தொடவில்லை.

“இப்பவே போஸ்ட் போடலாம். ஜோயல் வரல, நாங்க ரெண்டு பேர்தான்னு” என்றாள் யாழினி.

“போட்டா பாதிப் பேர் வர மாட்டாங்க.”

“வர வேண்டாம்.”

“உனக்கு வேண்டாம். திங்கட்கிழமை உனக்கு ஆபீஸ் இருக்கு.” அக்‌ஷய் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “நான் எங்க அப்பாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன் யாழ். இந்த ஆல்பம் போகலன்னா சாகன் ஃபேக்டரில வேலைக்குச் சேர்றேன்னு. இன்னிக்கு அவர் வர்றார். முதல் தடவையா. காலி நாற்காலியையா அவருக்குக் காட்டச் சொல்ற?”

“பொய் சொல்லி நிரப்பின நாற்காலியைக் காட்டலாமா?”

“நம்ம பாட்டைக் கேட்டா அவங்களே உக்காந்துடுவாங்க. முதல்ல உள்ள வரட்டும்!”

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. நியாயம் இரண்டு பக்கமும் இருக்கும்போதுதான் சண்டை மோசமாகப் போகும் – கவனித்திருக்கிறீர்களா? கடைசியில் யாழினி, “சரி... போடல” என்றாள். தோற்றதுபோல் இல்லை. எதையோ தள்ளி வைப்பதுபோல் இருந்தது.

அன்று பகல் முழுக்க அவள் போனில் ஜோயலின் அழைப்பு வந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை. போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள்.

* * *

சாயங்காலம். ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் ஹால். அப்படி ஒரு கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கல்லூரிப் பிள்ளைகள். அப்பா அம்மாவை இழுத்துக்கொண்டு வந்த சின்னப் பிள்ளைகள். உச்சந்தலையில் கொண்டை போட்டவர்கள் மட்டும் ஒரு வரிசை இருந்தார்கள்!

முதல் வரிசை ஓரத்தில் அக்‌ஷயின் அப்பா. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. டாக்டர் கூப்பிடுவதற்காகக் காத்திருப்பவர் மாதிரி, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் வணக்கம் சொன்னேன். “சத்தம் ஜாஸ்தியா இருக்குமா?” என்று மராத்தியில் கேட்டார். இருக்கும் என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

முதல் பாட்டுக்கு நல்ல கைதட்டல். இரண்டாவது பாட்டுக்குக் கொஞ்சம் குறைந்தது. கண்கள் மேடையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. திரை அசைந்தால் போதும், போன்கள் எழும். தண்ணீர் வைக்க ஒருவர் வந்தார். அதற்கும் ஒரு கூச்சல்!

மூன்றாவது பாட்டின் நடுவில் ஆரம்பித்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “ஜோ-யல்!” இன்னொன்று. பிறகு தாளத்தோடு. ஜோ-யல்... ஜோ-யல்... யாழினி பாடிக்கொண்டே இருந்தாள். அவள் வாய் அசைவது தெரிந்தது, வார்த்தை கேட்கவில்லை. அக்‌ஷய் பீட்டின் சத்தத்தைக் கூட்டினான். அவர்கள் அதற்கு மேல் கூட்டினார்கள்.

நானும் ஒரு காலத்தில் பேச்சுப் போட்டி மேடைகளில் நின்றவள்தான். கைதட்டாத கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மேடையில் நிற்கிறவள் முகத்தைப் பார்த்தே இன்னொருவன் பெயரைக் கத்துகிற கூட்டம்? அதை எந்த அம்மாவும் பார்க்கக் கூடாது.

அப்போதுதான் என் கைப்பையில் போன் அதிர்ந்தது. ஜோயல்.

ஹாலை விட்டு வெளியே ஓடிவந்து எடுத்தேன்.

“ஆன்ட்டி, அவ போன் எடுக்க மாட்டேங்கா. கீழ பார்க்கிங்ல நிக்கேன்.”

* * *

தூணுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கார். ஹூடியை இழுத்துத் தலையை மூடியிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன். சின்ன வயதில் டெய்சி டீச்சர் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்கைத் திருட்டுத்தனமாக எடுத்து எனக்கு ஒரு துண்டு கொடுத்தவன். இளைத்திருந்தான்.

மேலேயிருந்து சத்தம் இங்கேயும் கேட்டது. அவன் பெயர்.

“அந்தப் போஸ்டரைப் பாத்துட்டு அம்மா என்னைய வைதாங்க. ‘நீ போகலன்னா அந்தப் பிள்ளைய அவமானப்படுத்தின மாதிரி’ன்னு. கெளம்பி வந்துட்டேன். வழி பூரா யோசிச்சேன் ஆன்ட்டி... நான் மேல ஏறுனா அந்த ஆல்பம் காலி. நாளைக்கு எல்லாம் என் வீடியோதான் சுத்தும். ஏறலன்னா இந்த ஷோ காலி. மத்லப்... அதாவது, நான் என்ன செய்யட்டும்?”

“உன் ஒப்பந்தம்?”

“அது கெடக்கு. மேல நின்னு பாடினா கேஸ் போடுவாங்க, போடட்டும்.” பிறகு, என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல் சொன்னான்: “அங்க போற எடத்துல எல்லாம் அந்த ஒரே பாட்டைத்தான் கேக்காங்க ஆன்ட்டி. வேற எதையும் பாட விட மாட்டேங்காங்க. இவங்களுக்காவது ரெண்டாவது வந்துட்டு. எனக்கு இன்னும் வரல.”

வாராவாரம் உங்களுக்கு அபிப்பிராயம் சொல்கிறவளுக்கு அன்று ஒரு அபிப்பிராயமும் இல்லை.

“நான் போய் அவளையே கேட்டுவிட்டு வருகிறேன்” என்றேன். “அதுவரை காரை விட்டு இறங்காதே.”

மேடைக்குப் பக்கவாட்டில் போய் நின்றேன். மூன்றாவது பாட்டு ஒருவழியாக முடிந்திருந்தது. யாழினி தண்ணீர் குடிக்க ஓரத்துக்கு வந்தாள். எங்கிருந்தோ ஒரு காலி பாட்டில் பறந்து வந்து அக்‌ஷயின் காலடியில் விழுந்தது. அவன் அதைக் காலால் தள்ளிவிட்டு, அப்பாவை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

“ஜோயல் கீழே இருக்கிறான்” என்றேன்.

அவள் முகத்தில் என்னென்னவோ ஓடின. கோபம். நிம்மதி. மறுபடியும் கோபம்.

“நீ கூப்பிட்டியா?”

“இல்லை. அவனே வந்திருக்கிறான். நீ என்ன சொல்கிறாயோ, அதைச் செய்வான்.”

அதற்குள் சமீர் எங்கிருந்தோ முளைத்துவிட்டான். காதில் விழுந்திருக்க வேண்டும். “இருக்கானா? இங்கயா? அரே, கூப்பிடு! ஒரே ஒரு பாட்டு! எல்லாம் செட் ஆயிடும்!”

யாழினி அவனைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்தாள். “அம்மா, அவன்கிட்ட கேளு. வர்ற எல்லார்கூடவும் செல்ஃபி எடுத்துப்பானா? சலிச்சுக்காம?”

புரியாமலேயே போன் போட்டுக் கேட்டேன். “எடுக்கேன்னு சொல்லுங்க ஆன்ட்டி” என்றான். அவனுக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிந்துவிட்டது.

யாழினி மைக்கை எடுத்தாள். மேடையின் நுனிக்கு வந்தாள். இந்தியில் பேசினாள்.

“ஜோயல் வந்திருக்கான்.”

கூரை பிய்ந்தது. சத்தம் நிற்கட்டும் என்று காத்திருந்தாள்.

“ஆனா மேடைக்கு வர மாட்டான். கீழ பார்க்கிங்ல இருக்கான். அவனைப் பாக்க வந்தவங்க எல்லாரும் போய்ப் பாருங்க. செல்ஃபி எடுத்துக்கங்க, அவன் ஒத்துக்கிட்டான். அந்தப் போஸ்டர் தப்பு. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. எங்க புது ஆல்பத்தைக் கேக்க வந்தவங்க மட்டும் இருங்க.”

சமீர் தலையில் கையை வைத்துக்கொண்டான். அக்‌ஷய் அவளையே வெறித்துப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது – அவள் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஹால் அமைதியாக இருந்தது. யாரும் முதலில் எழுந்திருக்க விரும்பவில்லை. பிறகு, பின்வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். அவன் பின்னால் இரண்டு பேர். பிறகு வரிசை வரிசையாக. கொண்டைக்காரர்கள் மொத்தமாக. கடைசியில் குனிதல் எல்லாம் போய் வெறும் ஓட்டம்! படிக்கட்டில் தடதடவென்று சத்தம். அப்பா அம்மாக்கள் மட்டும், பிள்ளைகள் பின்னால் போகும்போது மேடையைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்துவிட்டுப் போனார்கள்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பாதிக்கு மேல் காலி. நடுநடுவே ஆட்கள், நடுநடுவே வெற்று நாற்காலிகள். அக்‌ஷயின் அப்பா அதே இடத்தில், அதே மாதிரி, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு.

யாழினி அக்‌ஷயைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பீட்டை ஆரம்பிக்கவில்லை. ஆரம்பிக்க மாட்டானோ? மகள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். யாரோ இருமினார்கள்.

பிறகு அவன் கை அசைந்தது. நான் எங்கள் ஹாலில் கேட்டுக் கேட்டுப் பழகிய அதே பீட். காலி இடம் இருந்த பாட்டு. தன் பகுதியை மராத்தியில் பாடினான், பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையையும் எறிவதுபோல். கோபம் பாட்டுக்குப் பொருந்தியது. அந்த இடம் வந்தது. யாழினி கண்ணை மூடினாள்.

‘பேரு கேட்டா சொல்லுவேன், ஊரு கேட்டா யோசிப்பேன்
அம்மா பேசுற பாஷையத்தான் அரைகுறையா வாசிப்பேன்
அரைகுறைன்னு சிரிக்காத, அதுதான்டா என் முழுசு
பாதி பாதி சேத்துவெச்ச வார்த்தைதான் என் பவுசு’

சமையலறையில் நான் கொடுத்த ஒரு வார்த்தை. கிண்டலுக்குச் சொல்கிற வார்த்தை. அதை எடுத்துக்கொண்டு போய் என்ன செய்திருக்கிறாள்!

அந்த ஹாலில் தமிழ் புரிந்தவர்கள் என்னையும் சேர்த்து ஒரு சிலர்தான் இருந்திருப்பார்கள். ஆனால் இரண்டாவது முறை ‘பவுசு’ வந்தபோது எல்லோரும் கூடவே சொன்னார்கள். மூன்றாவது முறை அவள் மைக்கை அவர்கள் பக்கம் நீட்டினாள். சின்னக் கூட்டம். ஆனால் குரல் முழுதாக வந்தது.

ஆல்பத்தை முழுக்கப் பாடி முடித்தார்கள். மேடையில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை.

* * *

மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. கதவைச் சாத்தியதும் அக்‌ஷய் திரும்பினான்.

“என்னைக் கேட்டியா?”

“அக்‌ஷய், கேக்க டைம் இல்...”

“ஒரு வார்த்தை! நான் அங்கதானே நின்னேன்? எங்க அப்பா முன்னாடி ஹாலைக் காலி பண்ணிட்ட. காலையில என்கிட்ட சரின்னு சொல்லிட்டு. கையெழுத்துப் போட்டுட்டு வந்து ஜோயல் நம்மகிட்டச் சொன்னான். நீ சொல்லக்கூட இல்ல. என்ன வித்தியாசம்?”

யாழினி என்னைப் பார்த்தாள் – ஏதாவது சொல்லேன் என்பதுபோல். அவன் கேட்டது சரியான கேள்வி. அவள் செய்ததும் சரியான காரியம். இரண்டையும் ஒரே தராசில் போட எனக்குத் தெரியவில்லை.

“வித்தியாசம் இல்ல” என்றாள் கடைசியில். “சாரி. கேட்டிருக்கணும். நீ வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன்.”

“சொல்லியிருப்பேன்.” அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான். “அப்புறம் ஜோயல் மேல வந்திருப்பான். நாம ஓரத்துல நின்னு கைதட்டியிருப்போம்... தெரியும். எனக்கும் தெரியும். இருந்தாலும் நீ கேட்டிருக்கணும்.”

இரண்டாவது ஆல்பம் என்பது என்ன என்று எனக்கு அன்று கொஞ்சம் புரிந்தது. முதல் வெற்றி யாருடையது என்று சண்டை வராது – எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள். இரண்டாவது முறைதான், யார் இல்லாமல் யாரால் முடியும் என்ற கணக்கு வருகிறது. பாட்டுக் குழுவுக்கு மட்டுமா? அண்ணன் தம்பி சேர்ந்து நடத்துகிற கடைக்கு? ஒருத்தருக்கு மட்டும் பிரமோஷன் கிடைத்த புருஷன் பெண்டாட்டிக்கு?

சரி... ஆல்பம் எப்படிப் போகிறது என்று கேட்பீர்கள். ஓடவில்லை. நடக்கிறது. ‘பவுசு’ பாட்டை யாரோ ஒரு பெண் தன் கல்லூரி விழாவில் பாடி வீடியோ போட்டிருக்கிறாள். அக்‌ஷய் சாகன் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். ஆம், சேர்ந்துவிட்டான். ஷிஃப்ட் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து பீட் போடுகிறான். இப்போது எதற்கும் யாழினி அவனைக் கேட்டுவிட்டுத்தான் செய்கிறாள்; கொஞ்சம் அதிகமாகவே கேட்கிறாள். சமீரோடு இருவரும் பேசுவதில்லை.

ஆனால் அன்று கிளம்பும்போது நடந்ததை நான் இன்னும் சொல்லவில்லை.

கீழே இறங்கினோம். பார்க்கிங்கில் கூட்டம் கரைந்து ஐந்தாறு பேர்தான் மிச்சம். ஜோயல் இன்னும் நின்றுகொண்டிருந்தான். சிரித்துச் சிரித்து முகம் இறுகிப்போயிருந்தது. ஆல்பம் முடியும் வரைக்கும் ஒருவரையும் மேலே திரும்பிப் போக விடாமல் பிடித்து வைத்திருந்திருக்கிறான். கடைசிப் பையனும் போனதும் யாழினி அவன் எதிரில் போய் நின்றாள்.

“கூப்பிட்டிருந்தா மேல வந்திருப்பியா?”

“வந்திருப்பேன்” என்றான். “அதான் நீ கூப்பிடல.”

“ம்.”

“பாட்டு கேட்டுச்சு. கதவு தெறக்கையில எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்.” தரையைப் பார்த்தான். “என் எடத்துல நீ பாடினியா?”

“அது என் எடம் இப்ப.”

அவன் தலையாட்டினான். மூன்று பேரும் நின்றார்கள்.

அப்போது அக்‌ஷயின் அப்பா படியிறங்கி மெதுவாக வந்தார். சத்தம் காதில் இன்னும் ரீங்கரித்துக்கொண்டிருந்தது போலும். ஒரு விரலால் காதைக் குடைந்துகொண்டே வந்தார். மகனின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான், வேறொன்றும் சொல்லவில்லை. அக்‌ஷய்க்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு ஜோயலைப் பார்த்தார். அவன் கொண்டையைப் பார்த்தார். மகனின் பாட்டு விஷயத்தில் அதுவரை தலைகாட்டாதவர்; யார் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த ஊரிலேயே தெரியாத ஒரே ஆள் அவராகத்தான் இருந்திருக்க வேண்டும்!

“நீயும் பாடுவியாப்பா?” மராத்தியில் கேட்டார்.

ஜோயல் ஒரு கணம் தடுமாறினான். “ஆமா காகா. கொஞ்சம்.”

“இவங்க ஃப்ரெண்டா?”

“ஆமா.”

“அப்புறம் ஏன் இவங்களோட பாடல?”

ஒரு மோட்டார்பைக் எங்களைக் கடந்து வெளியே போனது. ஜோயல் ஹூடியை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டான். யாழினி அக்‌ஷயைப் பார்த்தாள். அக்‌ஷய் தன் செருப்பைப் பார்த்தான்.

பெரியவர் பதிலுக்காகக் காத்துக்கொண்டே நின்றார். பாவம், அன்று எந்தக் கணக்கும் இல்லாமல் சும்மா கேட்டவர் அவர் ஒருவர்தான்.